பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், சர்நேம் இல்லை: அம்மாவைத் துபாய்க்கு அனுப்ப முடியுமா?

உசிலம்பட்டிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வெளிநாட்டுப் பயண விவரம் தெரிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் பெரிய உதவியாக இருக்கும்.

என் தங்கை துபாயில் இருக்கிறாள். தலைப்பிரசவத்தை முறைப்படி எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தோம். இப்போது இரண்டாவது. மூத்தவனை அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டார்கள், மாப்பிள்ளைக்கும் நீண்ட விடுப்புக் கிடைக்காது. ஆகவே அவள் இங்கே வர வழியில்லை. "அவள் வராவிட்டால் என்ன, நான் போகிறேன்" என்று அம்மா கிளம்பிவிட்டார். அம்மாவுக்கு வயது 61. இதுவரை போன தூரம் என்றால் பழனி, திருச்செந்தூர், ஒருமுறை திருப்பதி. தங்கை கல்யாணமாகிப் போன புதிதில், என்றாவது உதவும் என்று 2018இல் பாஸ்போர்ட் எடுத்து வைத்தோம். 2028 அக்டோபர் வரை செல்லும்.

சிக்கல் பெயரில் இருக்கிறது. அம்மாவுக்கு எங்கள் குலதெய்வத்தின் பெயர், ஒரே சொல். பாஸ்போர்ட்டில் அது மட்டும்தான் இருக்கிறது. சர்நேம் கட்டம் வெறுமையாக இருக்கிறது. இனிஷியல் போட முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ஏஜென்டிடம் விசாரித்தேன். "ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டைத் துபாயில் ஏற்கவே மாட்டார்கள், இங்கே விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். விசாவில் இன்னொரு பெயரைச் சேர்த்து நான் வாங்கித் தருகிறேன், விசாக் கட்டணம் போகத் தனியாக 9,000 ரூபாய்" என்றார். அடுத்த தெருவில் இன்னொருவர், "புதுப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்" என்றார். என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரோ, "அதெல்லாம் பழைய கதை" என்கிறார். மூன்றில் எதை நம்புவது? பிரசவத்துக்கு மூன்று மாதம்கூட இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு. வேறு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதையும் சொன்னால் நல்லது.

---

கே.கே.நகர் வாசி:

பயப்படாதீர்கள் சார். என் மாமியாருக்கும் ஒற்றைப் பெயர்தான். போய்வந்தார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

---

சிம்மக்கல் பெரியவர்:

கே.கே.நகர் நண்பரே, உங்கள் மாமியார் எந்த ஆண்டு போனார் என்று சொல்லியிருந்தால் அந்தப் பதிலுக்கு மதிப்பு இருந்திருக்கும். 2022 நவம்பருக்கு முன்பு என்றால், அது வேறு காலம்.

உசிலம்பட்டித் தம்பிக்கு வருகிறேன். பயண அலுவலகங்களில் டிக்கெட் போட்டே தலை நரைத்தவன் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். உங்களிடம் பேசிய மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் உண்மை சொல்லியிருக்கிறார்கள். முதலாமவர் மட்டும் அதற்குக் காசு கேட்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். 2022 நவம்பர் 21இல் ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் பயண ஏஜென்டுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பின. பாஸ்போர்ட்டில் பெயர்க் கட்டத்திலோ சர்நேம் கட்டத்திலோ ஒரே ஒரு சொல் மட்டும் உள்ளவர்களை அமீரகக் குடியேற்றத் துறை இனி நாட்டுக்குள் விடாது என்பது செய்தி. தமிழ்நாட்டில் அன்று எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்தது என்று எனக்குத் தெரியும். வடக்கே இருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு வால் உண்டு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை உதறத் தீர்மானம் போட்ட மண் இது. நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்து போதும் என்று வாழ்ந்தோம். பாஸ்போர்ட்டோ இனிஷியலை ஏற்காது. விரித்து எழுது என்கிறது. விரித்து எழுதாதவர்களுக்கு அந்தக் கட்டம் காலி.

ஆனால் அந்தச் சுற்றறிக்கை வந்த சில நாட்களிலேயே விளக்கமும் வந்துவிட்டது. முன்பக்கத்தில் ஒரே பெயர் இருந்தாலும், பாஸ்போர்ட்டின் இன்னொரு விவரப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ அச்சிடப்பட்டிருந்தால் அவரை அனுமதிக்கலாம் என்பதே அந்த விளக்கம். அங்கே வசிப்பதற்கான விசா பெற்று இருப்பவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு தொடக்கத்திலேயே இல்லை; உங்கள் தங்கைக்கு ஒற்றைப் பெயராக இருந்திருந்தால்கூட அன்று அவருக்குச் சிக்கல் வந்திருக்காது.

ஆகவே முதலில் அம்மாவின் பாஸ்போர்ட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். தந்தை பெயர், தாய் பெயர், கணவர் பெயர், முகவரி என்று வரிசையாக இருக்கும். தந்தை பெயர் இருந்தால் உங்கள் கவலையில் முக்கால் பங்கு தீர்ந்தது. சிலருக்கு அந்த வரியும் காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்தான் புதுப் பாஸ்போர்ட்டுக்குப் போக வேண்டியவர்கள்.

இப்போது அந்த 9,000 ரூபாய். பாஸ்போர்ட்டில் இல்லாத பெயரை விசாவில் 'சேர்த்து வாங்குவது' என்று ஒரு வேலையே கிடையாது. விண்ணப்பத்தில் தந்தை பெயருக்கு என்று கட்டம் இருக்கிறது. அதைக் கடைசிப் பக்கத்தில் உள்ளபடி எழுத்து மாறாமல் நிரப்ப வேண்டும். அதற்குப் பெயர் விண்ணப்பம் நிரப்புதல். விசாவுக்கு அவர் வாங்கும் சேவைக் கட்டணத்திலேயே அது அடக்கம். உண்மையாகவே பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு சொல்லை விசாவில் நுழைத்துவிட்டார் என்று வையுங்கள், அப்போதுதான் இரண்டும் பொருந்தாமல் அம்மா கவுன்டரில் நிற்பார். காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிக்கெட் போடும்போது கவனம். முன்பதிவுப் பக்கத்தில் சர்நேம் இல்லாமல் நகரவே விடாது. இதற்கு ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. சில நிறுவனங்கள் இருக்கிற ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் இடச் சொல்கின்றன. நீங்களாக அப்பா பெயரையோ உங்கள் பெயரையோ போட்டுவிடாதீர்கள். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பாஸ்போர்ட்டின் முன்பக்கம், கடைசிப் பக்கம் இரண்டின் படத்தையும் இணைத்து, "இந்தப் பயணியை ஏற்றுவீர்களா, டிக்கெட்டில் பெயரை எப்படிப் போட வேண்டும்" என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் இனிமையாகப் பேசியவர் விமான நிலையத்தில் உங்களுக்குச் சாட்சி சொல்ல வர மாட்டார்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இந்த விஷயத்தில் துபாய் அதிகாரியைவிட இங்கே கவுன்டரில் இருக்கும் பிள்ளைகள்தான் கடுமை காட்டுவார்கள். ஒரு பயணியை அந்த நாடு உள்ளே விட மறுத்தால், அவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் 'டைமேட்டிக்' என்ற தகவல் தொகுப்பில் ஒவ்வொரு நாட்டின் விதியையும் பார்த்த பிறகே போர்டிங் பாஸ் தருவார்கள். அந்தப் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. கையில் பதில் கடிதம் இருந்தால் அவரும் மேலதிகாரியிடம் காட்டிவிட்டு நிம்மதியாக அனுப்புவார்.

புதுப் பாஸ்போர்ட் பற்றிச் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை, நேரம்தான் தவறு. விவரம் மாற்றி மறுவெளியீடு கேட்டால் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. பாரதி உலா வீதி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஆதார் சகிதம் போக வேண்டும். ஆதாரிலும் பெயர் அதே வடிவத்தில் இருக்க வேண்டும். உங்கள் அம்மாவின் ஆதாரில் என்ன இருக்கிறதோ யார் கண்டது. அதைத் திருத்தி, பிறகு இதைத் திருத்தி, காவல்துறை விசாரணையும் வந்தால், பேரப்பிள்ளை குப்புற விழுந்த பிறகுதான் பாட்டி போய்ச் சேர்வார். இந்தப் பயணத்தை உள்ள பாஸ்போர்ட்டிலேயே முடியுங்கள். 2028இல் புதுப்பிக்கும்போது சர்நேம் கட்டத்தை நிரப்பி, இந்தத் தலைவலியை ஒரேயடியாகத் தீர்த்துவிடுங்கள். அமெரிக்கா போகிற எண்ணம் யாருக்காவது இருந்தால் இது இன்னும் அவசியம். அங்கே ஒற்றைப் பெயரைக் கொண்டுபோய்ச் சர்நேமில் வைத்துவிட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று மூன்று எழுத்தை அச்சிட்டுக் கொடுப்பார்கள். பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம்! பெற்றவர்கள் வைத்த பெயரை வைத்துக்கொண்டே பெயரில்லாதவராக அலைய வேண்டியதுதான்.

விசா வகை: 30 நாள், 60 நாள் என்று வருகை விசா இருக்கிறது. பிரசவம் என்பதால் 60 நாள் கேளுங்கள். மாப்பிள்ளையே அங்கிருந்து விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் ஏஜென்ட் வழி. உறவினர் வீட்டில் தங்குகிறார் என்றால் வாடகை ஒப்பந்தத்தின் நகல், மாப்பிள்ளையின் எமிரேட்ஸ் அடையாள அட்டை நகல், அவரது விசா நகல் ஆகியவற்றைக் கேட்பார்கள். திரும்பி வரும் டிக்கெட்டும் வேண்டும். பாஸ்போர்ட்டின் வெளி அட்டையையும் படமெடுத்துக் கேட்கிறார்கள், சிரிக்காமல் கொடுத்துவிடுங்கள். விசா முடிந்த பிறகு தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். அம்மா எப்போது இறங்க வேண்டும் என்பதைப் பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளை நாம் குறித்த தேதியில் பிறக்காது. இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

---

மேலூர் மருந்தாளுநர்:

அண்ணா, பெரியவர் பெயரைப் பார்த்துக்கொண்டார், நான் மருந்துப் பையைப் பார்க்கிறேன். மேலூரில் மருந்துக் கடையில் இருக்கிறேன். வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் அம்மாக்கள் மாதக்கணக்கில் மாத்திரை வாங்க எங்களிடம்தான் வருவார்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை என்றீர்கள். பாதம் எரிகிறது, மதமதவென்று இருக்கிறது என்பதற்காக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா? அட்டையின் பின்புறம் 'பிரீகாபலின்' என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். இங்கே சர்க்கரை நோயாளிகளில் ஏராளமானவர்களுக்கு அதை எழுதிக் கொடுக்கிறார்கள்; பெரும்பாலும் வைட்டமின் மாத்திரையோடு கலந்து வருவதால், "அது சத்து மாத்திரை" என்றே வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முழங்கால் வலிக்கு 'ட்ரமடால்' கலந்த மாத்திரை, இருமலுக்குக் 'கோடீன்' கலந்த சிரப், தூக்கத்துக்கு 'அல்பிரசோலம்' ஆகியவையும் அப்படித்தான். இவற்றை அனுமதி இல்லாமல் பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்குவது விளையாட்டல்ல, கைது வரைக்கும் போகும்.

வழி இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு மருந்து கொண்டுவருவதற்கு அமீரக அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கலாம். கட்டணம் இல்லை. மருத்துவரின் சீட்டும் பாஸ்போர்ட் நகலும் பதிவேற்ற வேண்டும். இதைத் தங்கையோ மாப்பிள்ளையோ அங்கிருந்து செய்வது எளிது. அதைவிட எளிது ஒன்று உண்டு: மருத்துவரிடம் போய், "துபாய் போகிறார்கள், இதற்கு மாற்று எழுதித் தர முடியுமா" என்று கேளுங்கள். பல சமயம் மாற்று இருக்கும். அம்மாவாக நிறுத்திவிட வேண்டாம். அந்த மாத்திரையைச் சட்டென்று விடக் கூடாது.

சாதாரணச் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் கொண்டுபோகலாம், மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். அட்டையோடு இருக்கட்டும். நம் அம்மாக்கள் அட்டையிலிருந்து உதிர்த்து, காலை, மதியம், இரவு என்று டப்பாவில் போட்டு வைப்பார்கள். விமான நிலையத்தில் அந்த டப்பாவைப் பார்த்து எது என்ன என்று யார் சொல்வது? மருத்துவரின் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் மூலப் பெயரோடு, படிக்கும்படி தட்டச்சில் இருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறார்கள் என்றால் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

---

சோழவந்தான் பெண், இப்போது ஷார்ஜா:

அண்ணன் கேட்காமல் விட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்: பெட்டியில் என்ன இருக்கக் கூடாது?

கசகசா கூடாது. ஒரு சிட்டிகைகூடக் கூடாது. இங்கே அதைப் போதைப்பொருள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அம்மா நிச்சயம் கேட்பார்கள், "குருமாவுக்குப் போடுகிற கசகசாவில் என்னடி போதை" என்று. கேட்கட்டும். அதைத் தனியாக எடுத்துவைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். வீட்டில் வறுத்து அரைத்த கறி மசாலாப் பொடியில் அது கலந்திருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு என்று கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் கட்டிக் கொடுக்கிற பிரசவ மருந்துச் சாமான்களிலும் கசகசா இருக்கலாம். கடைக்காரரிடம் சொல்லி ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் ஷார்ஜாவிலும் துபாயிலும் மலையாளிகள் கடைகளில் கிடைக்கின்றன. லேகியத்தை வீட்டில் கிளறிப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து அனுப்புவதைவிட, அம்மா இங்கே வந்து கிளறுவது மேல்.

வெற்றிலையும் கூடாது. எங்கள் ஊர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் துபாய்ச் சுங்கத்தின் தடைப் பட்டியலில் வெற்றிலை இருக்கிறது. பெயர் வைக்கிற அன்றைக்குத் தாம்பூலம் இல்லாமல் எப்படி என்று என் மாமியார் ஒரு கவுளியைப் புடவை மடிப்பில் வைக்கப் பார்த்தார். எடுத்துவிட்டோம். பழமும் பூவும் வைத்துத்தான் எங்கள் வீட்டில் விசேஷம் நடந்தது, பிள்ளை நன்றாகத்தான் வளர்கிறான்.

இன்னொன்று, அம்மா துபாய் போகிறார் என்று தெரிந்ததும் தெருவில் நான்கு வீட்டிலிருந்து பொட்டலம் வரும். "என் மகனும் அங்கேதான் இருக்கிறான், இந்த ஊறுகாயை மட்டும் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். மனம் கோணாமல் மறுத்துவிடுங்கள். உள்ளே என்ன இருந்தாலும் பெட்டி அம்மாவின் பெயரில்தான் போகிறது.

---

இளையான்குடி தம்பி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன், பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று இருக்கிறது. வருகை விசாவில் துபாய் போய் வேலை தேடிக்கொள்ளலாம், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கள் ஊரில் ஒருவர் 80,000 கேட்கிறார். போகலாமா ஐயா?

---

சிம்மக்கல் பெரியவர்:

இளையான்குடித் தம்பி, போகாதே.

ஈசிஆர் என்றால், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பட்டியலில் உள்ள 18 நாடுகளுக்கு நீ வேலைக்குப் போகும்போது அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று அர்த்தம். அமீரகம் அதில் உண்டு. சவுதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியாவும் உண்டு. அந்த அனுமதி உன்னைத் தடுப்பதற்காக வைத்தது இல்லை. வேலை ஒப்பந்தத்தை ஒருவர் படித்துப் பார்க்கிறார், உனக்கு 10 லட்ச ரூபாய் காப்பீடு கிடைக்கிறது. இரண்டு ஆண்டுக்கு அதன் பிரீமியம் 275 ரூபாய். வருகை விசாவில் போனால் இவை எதுவும் இல்லை. அந்த விசாவில் வேலை செய்வது அங்கே குற்றமும்கூட. அரசில் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீதோடு. உன்னிடம் 80,000 கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேள். 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார். எண் தர மாட்டார், பார்த்துக்கொள்.

உசிலம்பட்டித் தம்பிக்கு: உங்கள் அம்மாவுக்கு இந்தக் கவலை வேண்டாம். 50 வயது கடந்தவருக்கு ஈசிஆர் பொருந்தாது. அவர் வேலைக்கும் போகவில்லை.

---

உசிலம்பட்டிக்காரன்:

பெரியவருக்கும் சகோதரிகளுக்கும் நன்றி. கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். தந்தை பெயர் இருக்கிறது, தெளிவாக அச்சாகியிருக்கிறது. தாத்தா பெயர் இவ்வளவு வேலை செய்யும் என்று அம்மாவிடம் சொன்னபோது, "உயிரோடு இருந்தபோது ஒரு வேலையும் செய்யாத மனுஷன்" என்றார்.

மாத்திரையையும் பார்த்தோம். மேலூர் சகோதரி சொன்னது அப்படியே இருக்கிறது. 'சத்து மாத்திரை' என்று நாங்கள் நினைத்திருந்ததில் பிரீகாபலின். மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். கசகசா விஷயத்தில் அம்மாவை இன்னும் சம்மதிக்க வைக்க முடியவில்லை. முந்திரியை அரைத்துக்கொள்ளலாம் என்று தங்கை போனில் சொன்னாள், அதற்கு ஒரு பெரிய சண்டை நடந்தது.

இரண்டு சந்தேகம். அம்மா தாலிக்கொடியும் வளையலுமாகப் பத்துப் பவுன் போட்டிருப்பார். அதைக் கழற்றச் சொன்னால் கிளம்பவே மாட்டார். திரும்பி வரும்போது இங்கே கேள்வி கேட்பார்களா? இரண்டாவது, குழந்தை பிறந்ததும் அங்கே ஏதாவது பதிவு செய்ய வேண்டுமா?

---

சிம்மக்கல் பெரியவர்:

நகையைக் கழற்ற வேண்டாம். ஆனால் போகும்போதே விமான நிலையத்தில் சுங்கத் துறை அதிகாரியிடம் காட்டி, ஏற்றுமதிச் சான்றிதழ் ஒன்று வாங்கிவிடுங்கள். இன்ன நகை, இத்தனை கிராம், இங்கிருந்து எடுத்துப் போகிறார் என்று எழுதிக் கொடுப்பார்கள். திரும்பும்போது யார் கேட்டாலும் அதைக் காட்டினால் பேச்சு முடிந்தது. நகைக்கடை ரசீது இருந்தால் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் உள்ளூர் மதிப்பீட்டாளரிடம் எடையோடு ஒரு சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பெட்டியைக் கவுன்டரில் போடுவதற்கு முன்பே இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

துபாயில் தங்கம் மலிவு என்று மாப்பிள்ளை புது வளையல் ஒன்று வாங்கிப் போட்டு அனுப்பினால், அது வேறு கணக்கு. 40 கிராம் வரை பெண்களுக்கு வரி இல்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அந்தச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு மட்டும்தான். இரண்டு மாதம் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனவருக்கு இல்லை. சுங்கத்தில் வரிக்குரிய பொருளைக் காட்டுகிறவர்களுக்கான சிவப்பு வழியில் போய் வரியைக் கட்டிவிடச் சொல்லுங்கள். கைச்செலவுக்கு ரூபாயாகக் கொண்டுபோவது என்றால் 25,000க்கு மேல் வேண்டாம், அதுதான் வரம்பு.

---

சோழவந்தான் பெண், இப்போது ஷார்ஜா:

குழந்தைப் பதிவுக்கு நான் சொல்கிறேன். மருத்துவமனையில் பிறப்புச் சான்றிதழ் கிடைத்ததும், இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். குடியுரிமைச் சட்டப்படி அந்தப் பதிவுக்கு ஓராண்டு அவகாசம். ஆனால் அமீரகத்தில் குழந்தைக்கு வசிப்பு விசா எடுக்கப் பிறந்ததிலிருந்து 120 நாள்தான். பாஸ்போர்ட் இல்லாமல் அந்த விசா கிடையாது என்பதால், உண்மையில் அவசரம் பாஸ்போர்ட்டுக்குத்தான். பெயரை முன்பே முடிவு செய்து வைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கட்டும். குலதெய்வத்தின் பெயரையே வைத்தாலும் சரி, மாப்பிள்ளையின் பெயரைச் சர்நேமில் போட்டுவிடுங்கள். அவரது பாஸ்போர்ட்டில் எப்படி எழுத்துக்கூட்டியிருக்கிறதோ அப்படியே.

---

உசிலம்பட்டிக்காரன்:

விமான நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. தந்தை பெயர் கடைசிப் பக்கத்தில் இருப்பதால் ஏற்றிக்கொள்வோம், டிக்கெட்டில் பெயரை இரண்டு கட்டத்திலும் போடுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். விசாவுக்கு மாப்பிள்ளையே அங்கிருந்து விண்ணப்பித்துவிட்டார். டவுன்ஹால் ரோட்டுக்காரர் நேற்றுக்கூடப் போன் செய்து, 6,000க்குக் குறைத்துக்கொள்கிறேன் என்றார்.

---

சிம்மக்கல் பெரியவர்:

நல்லது. அந்த மின்னஞ்சலை இரண்டு பிரதி அச்சிடுங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும், இன்னொன்று விசாவோடும் மருந்துச் சீட்டோடும் சேர்த்து அம்மாவின் கைப்பையில். பெரிய பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், அது கவுன்டரிலேயே போய்விடும். மாப்பிள்ளையின் போன் எண்ணையும் வீட்டு முகவரியையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அங்கே கேட்டால் அம்மா அதை நீட்டினால் போதும்.